தம்பி ரிமாண்ட்ல, லோயர் வைக்க காசு இல்ல. திருகோணமலைல இலவச சட்ட உதவி யாருக்கு கிடைக்கும்?

உப்புவெளி_அக்கா எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு விசயம் கேக்கணும், தெரிஞ்ச அண்ணாமார் அக்காமார் யாராவது இருந்தா சொல்லுங்க. என்ட தம்பிக்கு 22 வயசு, கட்டட வேலைக்கு நாள் சம்பளத்துக்கு போறவன். போன கிழமை ஒரு கலியாண வீடு முடிஞ்சு வாற வழியில பெடியன்மாருக்குள்ள சண்டை வந்து ஒருத்தருக்கு கத்தி வெட்டு, அவர் இப்பவும் ஆஸ்பத்திரில. தம்பி அந்த இடத்தில நிண்டவன், அத அவன் மறுக்கல்ல, ஆனா நான் வெட்டல்ல அக்கா எண்டு அழுறான். பொலிஸ் நாலு பேர பிடிச்சு அடுத்த நாளே கோட்ஸ்ல விட்டு, நீதவான் 14 நாள் ரிமாண்ட் குடுத்திட்டார். பொலிஸ் கோட்ஸுக்கு குடுக்கிற பீ ரிப்போர்ட்ல கொலை முயற்சி எண்டு போட்டிருக்காம்.

ஒரு லோயர்ட்ட போய் கதைச்சம். முதல் கோட்ஸ் தவணைக்கு ஒரு தொகை, பிறகு ஒவ்வொரு தவணைக்கும் வேற காசு எண்டார். குறை சொல்ல வரல்ல, அது அவங்கட தொழில். ஆனா எங்கட அப்பா கடல் தொழில், இப்ப வாடைக் காத்துக் காலம், வள்ளம் கரையில ஏத்தி கிடக்கு, நான் ஒரு துணிக்கடைல நிக்கிறன், அந்த சம்பளத்திலதான் இப்ப வீடு ஓடுது. என்ட காதுத் தோட்ட அடகு வச்சா ரெண்டு மூணு தவணை தாங்கும், அதுக்கு பிறகு என்ன செய்யுறது எண்டு தெரியல்ல.

வசதி இல்லாதவங்களுக்கு அரசாங்கமே லோயர் போட்டு தரும் எண்டு படங்கள்ல பாத்திருக்கன், இங்கயும் அப்பிடி இருக்கா? நெட்ல தமிழ்ல தேடினன், காவல்ல இருக்கிறவங்களுக்கு வருமானமே பாக்க மாட்டாங்க, மூணு லட்சம் வரைக்கும் வருமானம் இருக்கலாம் எண்டெல்லாம் வருது, அது உண்மையா? அம்மாட பேர்ல ஒரு சின்ன வீடு இருக்கு, அதால உங்களுக்கு தர ஏலாது எண்டு சொல்லுவாங்களா? யார்ட வருமானத்த பாப்பாங்க, தம்பிடயதா, அப்பாடயதா, என்ட சம்பளத்தையும் சேப்பாங்களா? அடுத்த தவணைக்கு முதல் ஏதாவது செய்யணும், தயவு செஞ்சு சொல்லுங்க.

கோட்டடி_மாமா எழுதினது:

பிள்ளை, முதல்ல தோட்ட அடகு வைக்காதீங்க, ஒரு ரெண்டு நாள் பொறுங்க.

நான் கோட்ஸ்ல கிளாக்கா இருந்து பென்சன் எடுத்தவன், இந்த மாதிரி வந்து நிண்ட குடும்பங்கள நிறைய கண்டிருக்கன். நீங்க நெட்ல பாத்தது தமிழ்நாட்டு கதை. அங்க 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, அதில பெண்கள், பிள்ளைகள், காவல்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் வருமானம் பாக்காம உதவி உண்டு, மற்ற ஆக்களுக்குத்தான் அந்த வருமான கணக்கு. தமிழ்ல தேடினா முழுக்க அதுதான் வரும், நம்மட நாட்டுக்கு அது செல்லாது.

நம்மட நாட்டில இருக்கிறது சட்ட உதவி ஆணைக்குழு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க சட்டத்தில வந்தது. தலைமை ஒபிஸ் கொழும்பு புதுக்கடைல, நம்மட திருகோணமலைலயும் அவங்கட நிலையம் இருக்கு, கோட்ஸ்ல கறுப்புக் கோட் போட்ட யார்ட்ட கேட்டாலும் காட்டுவாங்க. ஆலோசனை கேக்கிறதுக்கு வருமானம் ஒரு பிரச்சினையே இல்ல, யாரும் போய் கேக்கலாம். வழக்குக்கு லோயர் போட்டு தாறதுக்குத்தான் வருமானம் பாப்பாங்க. அந்த எல்லைய காலத்துக்கு காலம் கூட்டுவாங்க, அதனால பழைய பேப்பர்ல, பேஸ்புக்ல கண்ட கணக்க வச்சு நமக்கு கிடைக்காது எண்டு வீட்டில இருந்திடாதீங்க, நேரா போய் கேளுங்க.

வீட்டு விசயம், அவங்க பிரதானமா பாக்கிறது மாச வருமானம். குடியிருக்கிற வீட்ட வித்துப்போட்டு லோயர் வை எண்டு யாரும் சொல்றதில்ல. விண்ணப்பம் தம்பிட பேர்லதான் வரும், ஏனெண்டா எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட ஆள், அவன்தானே, அவன் உள்ள இருக்கிறதால நீங்களோ அம்மாவோ அவனுக்காக போய் குடுக்கலாம். வீட்டில யார் யார் உழைக்கிறீங்க எண்டு கேப்பாங்க, உள்ளத உள்ளபடி சொல்லுங்க. நாலு பேர் சாப்பிடுற வீட்டில ஒரு துணிக்கடை சம்பளம் எண்டா அது அவங்களுக்கு விளங்கும்.

போகக்குள்ள ஜீஎஸ்ட்ட, அதான் கிராம சேவகர்ட்ட, வருமான கடிதம் ஒண்டு எடுத்து பிரதேச செயலகத்தில ஒப்பம் வச்சுக்கொண்டு போங்க. அரசாங்கத்தின்ட அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கிற குடும்பம் எண்டா அந்த பத்திரம், உங்கட ஐடி கார்ட், தம்பிட ஐடி கொப்பி. எல்லாத்தையும் விட முக்கியம் பீ ரிப்போர்ட் நம்பர். அந்த நம்பர் இல்லாம போனா லோயரால பைல தேடவே ஏலாது, நீங்க திரும்பவும் கோட்ஸுக்கு அலையணும். ஒரு துண்டில நம்பரையும் அடுத்த தவணை திகதியையும் எழுதி பேர்ஸ்ல வைங்க.

இன்னொண்டு, கோட்ஸ் வாசல்ல நிண்டு நான் கதைச்சு பிணை எடுத்து தாறன், இவ்வளவு தாங்க எண்டு வாற ஆக்களுக்கு ஒரு சதம் குடுக்காதீங்க. ரிசிட் தராத எந்த காசும் குடுக்காதீங்க.

மூதூர்_பெடியன் எழுதினது:

அக்கா நான் சொல்றது கசக்கும், ஆனா சொல்லத்தான் வேணும். ஓசில வாற லோயர் வழக்க வடிவா பாக்க மாட்டார். எங்கட சொந்தக்காரர் ஒருத்தருக்கு அப்பிடித்தான் ஒருத்தர் வந்தார், தவணைக்கு தவணை வேற வேற முகம், ஒருத்தரும் ஆள்ட்ட இருந்து கதை என்ன எண்டு முழுசா கேக்கல்ல. கொலை முயற்சி வழக்கு எண்டா விளையாட்டு இல்ல. கடன வாங்கியாவது பேர் உள்ள லோயரா பாருங்க, தம்பிட வாழ்க்கைய விட தோடு பெரிசில்ல.

கிண்ணியா_நானா எழுதினது:

தம்பி மூதூர், நீங்க சொல்றது ஒரு பக்கம் நடந்திருக்கலாம், அதுக்காக காசில்லாத சனத்த கடனுக்க தள்ளி விடாதீங்க. எங்கட மச்சான்ட மகன் ஒரு வழக்கில ரிமாண்ட்ல கிடந்த நேரம் குடும்பம் உங்கள மாதிரித்தான் நினைச்சு, இருந்த மாட்ட வித்து, வட்டிக்கு வாங்கி ஒரு லோயர பிடிச்சாங்க. காசு முடிஞ்ச தவணைல அவர் வரல்ல. வாப்பா கோட்ஸ் கூட்டுக்கு முன்னால ஒத்தயா நிண்டார். பிறகுதான் சட்ட உதவிக்கு போனாங்க, அங்க இருந்த ஒரு பொம்புள லோயர், வயசு முப்பதும் இரிக்காது, பெடியன்ட கதைய முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு கொப்பில எழுதி எடுத்தா. எந்த நேரம் எங்க நிண்டாய், பக்கத்தில யார், லைட் எரிஞ்சதா, என்ன சேட்டு போட்டிருந்தாய் எண்டு கேட்டா. பிணை எடுத்து குடுத்ததும் அவதான்.

தங்கச்சி, நீங்க போனா அங்க பெரிய வரிசை இரிக்கும். தாபரிப்பு வழக்குக்கு வந்த பொம்புளயள், காணி பிரச்சினைக்கு வந்த வயசாளிகள் எண்டு எல்லாரும் அந்த ஒரே ரூமுக்குத்தான் வருவாங்க. காலையோட போங்க. உங்கட முறை வந்ததும் முதல் வசனத்திலயே தம்பி ரிமாண்ட்ல, அடுத்த தவணை இந்த திகதி எண்டு சொல்லுங்க. குடும்பக் கதைய முதல்ல துவங்கினா அவசரம் எண்டது அவங்களுக்கு விளங்காம போயிரும்.

ஜெயில்ல தம்பிய பாக்க போற நேரம் அங்க நலன்புரி உத்தியோகத்தர் எண்டு ஒருத்தர் இருப்பார், அவர்ட்டயும் லோயர் இல்லாத ஆள் எண்டு தம்பிய சொல்லச் சொல்லுங்க. உள்ள இருந்தும் விசயம் வெளிய போகும்.

கறுப்புக்கோட்_திருமலை எழுதினது:

நான் தொழில் செய்ற சட்டத்தரணி, கிழக்கிலதான். பொதுவா சொல்றன், பைல பாக்காம வழக்கு பத்தி கருத்து சொல்ல ஏலாது.

அக்கா, படத்தில வாறது அமெரிக்க கதை. கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் எண்ட ஏழை மனுசன், புளோரிடாவில ஒரு பில்லியர்ட்ஸ் கிளப்ப உடைச்ச குற்றச்சாட்டில லோயர் இல்லாம தண்டிக்கப்பட்டவர், ஜெயிலுக்க இருந்து பென்சிலால மனு எழுதி அவங்கட உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அதிலதான் 1963ல பாரதூரமான குற்றத்துக்கு ஆளாகின, வசதி இல்லாதவனுக்கு அரசு லோயர் குடுக்கத்தான் வேணும் எண்டு தீர்ப்பு வந்தது. மூதூர் தம்பி கவனிக்க வேண்டியது அதுக்கு பிறகு நடந்தது. அதே வழக்கு, அதே சாட்சி, இந்த முறை அவர் பக்கத்தில ஒரு லோயர் இருந்தார், ஜூரி விடுதலை எண்டு சொல்லிச்சு. அவர் அந்த லோயருக்கு ஒரு சதமும் குடுக்கல்ல.

இலங்கைல அப்பிடி பொலிஸ் பிடிச்ச உடனே லோயர் வந்து நிக்கிற ஏற்பாடு இல்ல. ஆனா ஒண்டுமே இல்ல எண்டும் இல்ல. கட்டம் கட்டமா வரும், அத விளங்கி வச்சுக்கொண்டா அலைச்சல் குறையும்.

இப்ப வழக்கு நீதவான் நீதிமன்றத்தில. இந்த கட்டத்தில உங்களுக்கு வழி சட்ட உதவி ஆணைக்குழுதான், மாமா சொன்னது முழுக்க சரி. கொலை முயற்சி எண்ட உடனே பிணையே இல்ல எண்டு பயப்படாதீங்க. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க பிணைச் சட்டத்தில பிணை குடுக்கிறதுதான் விதி, மறுக்கிறதுக்குத்தான் காரணம் வேணும். கொலைக் குற்றச்சாட்டு எண்டா மேல் நீதிமன்றம்தான் பிணை குடுக்கலாம், கொலை முயற்சிக்கு நீதவானே குடுக்கலாம். நடைமுறைல ரெண்டு விசயத்த பாப்பாங்க, காயப்பட்டவர் ஆஸ்பத்திரில இருந்து வந்திட்டாரா, சட்ட வைத்திய அறிக்கைல என்ன மாதிரி காயம் எண்டு இருக்கு. அதனால முதல் தவணைலயே பிணை வரல்ல எண்டு லோயர் மேல கோவப்படாதீங்க. பிணை வந்தும் சரீரப் பிணைக்கு, அதாவது பொறுப்பா கையெழுத்து வைக்க, ஆள் இல்லாம உள்ளயே கிடக்கிற பெடியன்மார் இருக்காங்க, இது எனக்கு மனசு பொறுக்காத விசயம், ஆகவே பிணை நிக்க ரெண்டு பேர இப்பவே கதைச்சு வைங்க, அவங்களும் ஜீஎஸ் கடிதத்தோட வரணும். காசுப் பிணை கட்டவே ஏலாத தொகையா இருந்தா குறைக்கச் சொல்லி கோட்ஸுக்கு மோஷன் எண்ட மனு போடலாம்.

அடுத்த கட்டம், சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செஞ்சு வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு போனா. அது நாள் எடுக்கும், சில வழக்குக்கு வருசக்கணக்கு. குற்றப்பத்திரத்த கையில குடுக்கிற அண்டைக்கு உங்கட தம்பி வாய் திறந்து எனக்கு லோயர் இல்ல, வைக்க வசதியும் இல்ல, எனக்கு ஒருத்தர ஒதுக்கி தாங்க எண்டு கேக்கணும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 195ஆம் பிரிவில அதுக்கு இடம் இருக்கு, நீதிபதி ஒரு சட்டத்தரணிய ஒதுக்குவார், கட்டணம் அரசு குடுக்கும். கேக்கணும், அதுதான் முக்கியம். எத்தினயோ பெடியன்மார் பயத்தில தலைய குனிஞ்சு கொண்டு நிப்பாங்க, நீதிபதி கேட்டாலும் வீட்டில பாப்பாங்க சேர் எண்டு முணுமுணுப்பாங்க, தவணை போயிரும். தம்பிய பாக்க போற நேரமெல்லாம் இத சொல்லிக் குடுங்க.

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டத்த, அதாவது குடியியல் அரசியல் உரிமைகள் பற்றின சர்வதேச உடன்படிக்கைச் சட்டத்த, பேஸ்புக் பதிவுக்கு ஆக்கள பிடிக்கிற சட்டமாத்தான் சனம் கேள்விப்பட்டிருக்கும். அதே சட்டத்தில நாலாம் பிரிவில, வசதி இல்லாத எதிரிக்கு நீதியின் நலனுக்கு தேவையான வழக்கில அவர்ட காசு வாங்காம சட்ட உதவி ஒதுக்கப்படுற உரிமை எழுதியிருக்கு. இத பிச்சை மாதிரி நினைச்சு கூனிக் குறுகி போகாதீங்க எண்டதுக்காகத்தான் இவ்வளவும் சொல்றன்.

அரச சட்டவாதிட்ட போய் உதவி கேட்டிடாதீங்க, அவர் சட்டமா அதிபர் சார்பா எதிர்ப்பக்கம் நடத்துறவர்.

நிலாவெளி_மதி எழுதினது:

ஒரு சின்ன விசயம் சேக்கிறன். பொலிஸ்ல தம்பிக்கு அடிச்சாங்களா எண்டு கேட்டீங்களா? அடிச்சிருந்தா அத நீதவான்ட்ட சொல்லலாம், திருகோணமலைல மனித உரிமைகள் ஆணைக்குழு பிராந்திய ஒபிஸும் இருக்கு, 1996 எண்ட நம்பருக்கு போன் எடுத்தும் முறைப்பாடு சொல்லலாம். அடிப்படை உரிமை வழக்கு எண்டா ஒரு மாசத்துக்குள்ள உச்ச நீதிமன்றம் போகணும், அந்த ஒரு மாசத்துக்குள்ள ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு குடுத்தா விசாரணை நடக்கிற காலம் கணக்கில வராது. நாள பிந்த விடாதீங்க. பொலிஸ் எழுதின வாக்குமூலம் சிங்களத்திலயா தமிழிலயா, வாசிச்சு காட்டினாங்களா எண்டதயும் தம்பிட்ட கேட்டு லோயர்ட்ட சொல்லுங்க. நம்மட கோட்ஸ்ல நடவடிக்கை தமிழ்லதான், ஆனா பொலிஸ் பைல் அப்பிடி இருக்கும் எண்டு இல்ல.

உப்புவெளி_அக்கா எழுதினது:

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்றது எண்டு தெரியல்ல. அம்மாக்கு முழுசா வாசிச்சு காட்டினன், இண்டைக்குத்தான் கொஞ்சம் சோறு சாப்பிட்டா. அடிச்சதா தம்பி சொல்லல்ல, ஆனா கையெழுத்து வச்சது சிங்களத்தில எண்டான்.

இன்னும் ரெண்டு கேள்வி. அப்பாட வருமானம் எப்பிடி சொல்றது? சித்திரை தொடக்கம் ஆவணி புரட்டாதி வரைக்கும் கடல் குடுத்தா நல்லா குடுக்கும், ஒரு நாள் மீன் பட்டாலே கை நிறைய வரும், அந்த காசிலதான் வலை, என்ஜின் கடன் எல்லாம் அடைப்பம். வாடைக்கு ஒண்டும் இல்ல. எங்கட ஜீஎஸ் கோடைக்கணக்க எழுதிட்டா வசதியான ஆக்கள் எண்டு நினைச்சிருவாங்களா?

மற்றது, பிடிபட்ட மற்ற மூணு பெடியன்மார்ட வீட்டுக்காரரும் வந்து கதைச்சாங்க. நாலு குடும்பமும் சேந்து காசு போட்டு ஒரே லோயர வைப்பம், நாலு பேருக்கும் அவரே பாக்கட்டும், செலவு குறையும் எண்டு சொல்றாங்க. அப்பாக்கு அது நல்லதா படுது.

கோட்டடி_மாமா எழுதினது:

கடல் தொழில் வருமானம் ஜீஎஸ்மாருக்கு தெரியாத விசயமா பிள்ளை, உப்புவெளி, நிலாவெளி பக்கம் பாதிச் சனம் அந்தத் தொழில்தானே. கோடைல பட்ட ஒரு நாள் கணக்க சொல்லாம வருசம் முழுக்க வாறத பன்னெண்டா பிரிச்சு சொல்லுங்க, என்ஜின் கடன் கட்டுற புத்தகம் இருந்தா அதையும் கொண்டு போங்க, மீனவர் சங்கத்தில ஒரு கடிதம் எடுக்க ஏலும் எண்டா இன்னும் நல்லது. குறைச்சும் சொல்லாதீங்க, கூட்டியும் சொல்லாதீங்க. சட்ட உதவி ஒபிஸ்லயும் இது வாடைக்காலம், வள்ளம் கரையில எண்டு வாயால சொல்லுங்க, கடிதத்தில இருக்கிற ஒரு இலக்கம் எல்லாத்தையும் சொல்லாது.

கறுப்புக்கோட்_திருமலை எழுதினது:

நாலு பேருக்கும் ஒரே லோயர் எண்ட யோசனைல அவசரப்பட்டு தலையாட்ட வேணாம் எண்டு அப்பாட்ட சொல்லுங்க. உங்கட தம்பி நான் வெட்டல்ல எண்டு சொல்றான். அப்ப வெட்டினது யார்? மற்ற மூணு பேர்ல ஒருத்தரா இருந்தா அந்த லோயர் யார காப்பாத்துவார்? ஒருத்தனுக்காக சாட்சிட்ட கேக்கிற கேள்வி மற்றவன மாட்டி விடும், அதனால கேக்காமயே விட்டிருவார். பிணைக்கு மட்டும் ஒருத்தர் நாலு பேருக்கும் தோன்றுறதில அவ்வளவு சிக்கல் வராது, அதிலயும் தம்பி தன்ட கதைய அவர்ட்ட தனிய சொல்ல இடம் இருக்கணும். விளக்கம், அதாவது சாட்சி விசாரணை, எண்டு வந்தா தம்பிக்கு வேற லோயர் வேணும். சட்ட உதவிக்கு போற நேரம் இத அப்பிடியே சொல்லுங்க, மத்த மூணு பேர்ட நிலைப்பாடு வேற, என்ட தம்பிக்கு தனியா ஒருத்தர் வேணும் எண்டு.

மற்றக் குடும்பங்களோட கோவிக்க தேவையில்ல, அவங்களும் காசில்லாம நிக்கிறவங்கதான், அவங்களுக்கும் சட்ட உதவி ஒபிஸ காட்டி விடுங்க.

மூதூர்_பெடியன் எழுதினது:

அக்கா அந்த நாலு பேருக்கு ஒரு லோயர் கதை எனக்கும் இப்பத்தான் விளங்குது. எங்கட சொந்தக்காரர்ட வழக்கிலயும் அஞ்சு பேருக்கு ஒருத்தர்தான் நிண்டவர். நான் நாளைக்கு டவுனுக்கு வாறன், வீட்டில ஆம்பிளயள் யாரும் கூட வர இல்லாட்டி சொல்லுங்க, எங்கட அக்காவையும் கூட்டிக்கொண்டு வாறன், அவக்கு சிங்களம் நல்லா வாசிக்க தெரியும்.

உப்புவெளி_அக்கா எழுதினது:

சரி தம்பி, அப்பா வருவார், ஆனா அக்கா வந்தா பெரிய உதவி, மெசேஜ் போடுறன். ஜீஎஸுக்கு போன் பண்ணிட்டன், காலைல ஒபிஸ்லதான் இருப்பாராம். தம்பிட பீ ரிப்போர்ட் நம்பரும் எடுத்தாச்சு.